பயோ-மேத்ஸ் பிள்ளைக்கு வழிச்செலவு



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படித்த பயோ-மேத்ஸ் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது இரண்டு கணக்கு ஓடும். ஒன்று நீட் மதிப்பெண், இன்னொன்று இன்ஜினியரிங் கட்-ஆஃப். “எது கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள், பிள்ளையும் தலையாட்டிவிடும். ஆசைப்பட்டுப் படித்த பாடங்களில் ஒன்று அன்றோடு பரணுக்குப் போய்விடும்.

இரண்டையும் விடாமல் மேலே படிக்க வழி உண்டா, உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டு நமக்குக் கடிதங்கள் வருகின்றன. வழி உண்டு. பணத்தைப் பற்றித்தான் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன், இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமே சாட்சி. இதய வால்வு பழுதான ஏழைகளுக்கு வெளிநாட்டு வால்வின் விலை கட்டுப்படியாகாத காலம் அது. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் மற்றவர்களும் வால்வை இங்கேயே செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவதில் கோபால்ட் கலந்த உலோகச் சட்டத்துக்குள் பாலிஎத்திலீன் தட்டு ஒன்றை வைத்தார்கள். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அந்த வால்வு ஏறியிருக்கிறது. மருத்துவருக்குப் பொறியாளர் பேச்சும், பொறியாளருக்கு நோயாளியின் பாடும் புரிந்ததால் முடிந்த காரியம் இது. பலன் தெரியும் வரை காத்திருக்கப் பொதுப்பணம் துணை நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாணவர் விஷயத்திலும் சிக்கல் அந்தக் காத்திருப்புதான். எம்.பி.பி.எஸ். முடிக்க, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. பி.இ. நான்கு ஆண்டு. ஒன்றை முடித்துவிட்டு மற்றதன் பக்கம் வருகிறவர், கூடப் படித்தவர்கள் சம்பாதித்து வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும்போது இன்னும் மாணவராகவே இருப்பார். கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் மட்டும் இந்தக் குறை தீராது. சாப்பாடு, வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

அமெரிக்கா இதை முன்பே உணர்ந்தது. மருத்துவப் பட்டத்தையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துப் பெறுகிறவர்களுக்காக அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனம் 1964இல் ஒரு திட்டத்தை மூன்று மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கும் அதில் பணம் உண்டு. அதன் துணையில் பொறியியலில் முனைவர் பட்டம் பெறும் டாக்டர்களும் இருக்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் பொறியியலை அடித்தளமாக வைத்தே ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கி, 2018இல் சேர்ந்த முதல் அணி 32 பேருக்கும் முழுக் கட்டண உதவி அளித்தது.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் தேர்வில் உயிர் மருத்துவப் பொறியியலுக்கென்று 2020 முதல் தனித் தாளே உண்டு. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். நடத்துகின்றன. பொறியியல் படித்த பிள்ளை ஆஸ்பத்திரிக்குள் நின்று பாடம் கற்கும் படிப்பு இது. மறுபக்கம், எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் தொழில்நுட்பம் கற்பதற்குக் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023இல் மருத்துவ அறிவியலும் பொறியியலும் கலந்த நான்காண்டு பி.எஸ். படிப்பைத் தொடங்கியிருக்கிறது. பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதைப் படித்தவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது, மருத்துவக் கருவிகளும் ஆராய்ச்சியும்தான் இவர் களம்.

இனி பணம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய். பல ஆண்டுகளாக அதே தொகைதான். முனைவர் பட்டம் வரை போகிறவருக்கு நிலைமை தேவலை. 2018இல் வந்த பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 70,000 ரூபாயில் தொடங்கியது. இடையில் நிற்கிறவர்தான் பாவம். எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்தாலே 12,400 ரூபாயைப் போலப் பல மடங்கு வாங்குவார். அதை விட்டுவிட்டுக் கருவி செய்யக் கற்கிறேன் என்று வீட்டில் எந்த முகத்தோடு சொல்வார்?

தமிழக அரசு 2020இல் மருத்துவப் படிப்பிலும், மறு ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கியது; கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து டாக்டரும் இன்ஜினியரும் வந்துகொண்டிருக்கிறார்கள். நோயின் வலியையும் மருந்துச் செலவின் வலியையும் அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். விலை குறைந்த கருவி ஒன்றின் தேவை அவர்களுக்குத்தான் சட்டென்று உறைக்கும். ஆனால் முதல் பட்டம் கைக்கு வந்ததுமே குடும்பம் அவர்கள் சம்பளத்துக்குக் காத்திருக்கும். இரண்டாவது படிப்பை நினைக்கவும் முடியாது.

அந்த இடத்தில் கைகொடுக்க அரசை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சென்னையில் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டின் பழைய மாணவர்களும் உலகமெங்கும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். இரு தரப்பும் கைகோத்து, ஆண்டுக்கு ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அரசு தருவதற்கு மேல் மாதம் 25,000 ரூபாய் கொடுத்தால் இரண்டு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் ஆகும். ஒரு பேட்ச் வெள்ளிவிழா கொண்டாட நல்ல ஹோட்டலில் மண்டபம் எடுத்தால் அதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

மற்ற ஊர்க் கல்லூரிகளில் படித்த வாசகர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். மறுப்பு வந்தாலும் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்