பரண்ல தூங்குது ஒரு சர்வர்!

மக்களே... ‘சர்வர்’னு சொன்னதும் சிறுசேரியில ஏ.சி. ரூமுக்குள்ள பச்சை லைட் மினுங்க நிக்கிற இரும்பு பீரோதானே ஞாபகம் வருது? அது இருக்கட்டும். உங்க வீட்டுப் பரண்லயே ஒண்ணு தூங்கிக்கிட்டு இருக்கலாம். அதை எழுப்புறதுதான் இந்த வார மேட்டர்!

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு தமிழக அரசோட இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பமாச்சு. அடுத்தடுத்த வருஷங்கள்ல 50 லட்சத்துக்கும் மேல கொடுத்தாங்க. அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ-வுல வாங்கின அந்த லேப்டாப் இன்னைக்கு எங்கே? கீபோர்டுல நாலு கட்டை கழண்டு, ஸ்க்ரீன்ல கோடு விழுந்து, போர்வை மூட்டைக்கு அடியில கிடக்கும். கவலை வேண்டாம். இன்ஸ்டால் பண்ற அன்னைக்கு மட்டும் ஒரு மானிட்டரும் கீபோர்டும் கடன் வாங்கிக்குங்க. அப்புறம் சர்வருக்கு ரெண்டுமே தேவையில்லை.

ஓட்டல்ல சர்வர் என்ன பண்றார்? கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிறார். இதுவும் அதேதான். வீட்டுல இருக்கிற போன், கம்ப்யூட்டர் கேட்கிறதை எடுத்துக் கொடுக்கணும். ஒரே கண்டிஷன்... எந்நேரமும் முழிச்சிருக்கணும்.

‘கரண்ட் பில்லு?’னு அப்பா கேட்பார். கணக்கோட போங்க. மூடி வச்ச லேப்டாப் சுமாரா 15 வாட்ஸ் இழுக்குதுன்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 0.36 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 22 யூனிட்டுக்குள்ள அடங்கிடும். அதுவே 80 வாட்ஸ் இழுக்கிற பழைய டெஸ்க்டாப்னா 115 யூனிட். 2016-ல வந்த 100 யூனிட் இலவச சலுகையை அது ஒண்ணே முழுங்கிடும்! லேப்டாப்ல பேட்டரி நல்லா இருந்தா கரண்ட் கட்டையும் தாங்கும். உப்பியிருந்தா யோசிக்காம கழட்டிடுங்க. தீப்பிடிக்கிற சமாச்சாரம் அது.

உள்ளே டெபியன் லினக்ஸ் போடுங்க. டெஸ்க்டாப் இல்லாம போட்டா 2 ஜி.பி. ராமே தாராளம். அரசு லேப்டாப்ல வந்த ‘பாஸ்’ லினக்ஸ் ஞாபகம் இருக்கா? சி-டாக் அதை உருவாக்கினதே டெபியனை வச்சுதான். மூடினா தூங்கிடாதபடி செட்டிங்கை மாத்திடுங்க. ஃபைல்களைப் பகிர்ந்துக்க ‘சாம்பா’. அமராவதி பாசனத்துல விளையுற சம்பா இல்லீங்க! ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்ப எழுதி, 1992-ல வெளியிட்ட சாஃப்ட்வேர்.

இதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. இதுக்கு மேலதான் விஷயமே இருக்கு.

சிலர் இந்த ஹாபியில இறங்கினதும் பழைய மெஷின், சுவிட்ச், ரேக்னு வாங்கி அடுக்குவாங்க. பத்து சாஃப்ட்வேர் போடுவாங்க. பதினோராவது நாள் மறந்துடுவாங்க. ஏன்னா, அது நின்னு போனா ‘ஏன்?’னு கேட்க ஆளே இல்லை. காலேஜ் லேப்பும் அப்படித்தான். நாலு மணிக்கு ஷட் டவுன், ரெக்கார்டுல சைன், முடிஞ்சது. உங்க சர்வரை வீட்டுல ஒருத்தராவது நம்பி இருக்கணும். அப்பதான் அது பாடம் நடத்த ஆரம்பிக்கும்.

எங்க கணியூர் வீட்டையே எடுத்துக்குங்க. அம்மா பனியன் பீஸ் வாங்கி வீட்டுல பிசிறு வெட்டுறாங்க. பீஸ் கணக்குல கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. ‘நீங்க கொடுத்தது இவ்வளவுதானுங்கக்கா’னு அந்தப் பக்கம் ஒரு கணக்கு, அம்மா நோட்டுல வேற கணக்கு. இப்போ பண்டல் வண்டி ஏறும்போதே அம்மா போன்ல போட்டோ எடுத்து, எண்ணிக்கையைத் தட்டிடுறாங்க. ரெண்டும் சர்வருக்குப் போயிடுது. சனிக்கிழமை தேதிவாரியா எடுத்துக் காட்டினா மறுபேச்சு இல்லை.

அந்த டிஸ்க் போச்சுன்னா போறது என் ப்ராஜெக்ட் இல்லை, அம்மாவோட கூலி. இப்படி ஒண்ணு இருந்தாதான் ‘பேக்கப்’ங்கிற வார்த்தைக்கே அர்த்தம் புரியும். 3-2-1 விதின்னு சொல்வாங்க. மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வீட்டுக்கு வெளியே. எங்களுக்கு சர்வர்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, சித்தி வீட்டு ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு. மாசம் ஒருமுறை பேக்கப்ல இருந்து ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை!

பனியன் ஏரியா மக்களுக்கு ஸ்பெஷல் டிப்... பஞ்சு. ஓவர்லாக் மெஷின் ஓடுற வீட்டுல பஞ்சு பறந்து ஃபேனை அடைச்சுடும். அப்பப்போ ஆஃப் பண்ணி, பிரஷ்ஷால தட்டிடுங்க.

இன்னொண்ணு, எடுத்த எடுப்புல சர்வரை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க. பூட்டாத கதவைத் தேடி நாள் பூரா புரோகிராம்கள் சுத்திக்கிட்டே இருக்கு. ஹாஸ்டல்ல இருந்து தொடணும்னா வி.பி.என். வழியா போங்க. பல வீட்டு இணைப்புகளுக்குத் தனி ஐ.பி. முகவரி கிடையாது. அங்கே டெயில்ஸ்கேல் மாதிரி சேவை கைகொடுக்கும். சந்தேகம்னா காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு மாதிரி இடங்கள்ல கேளுங்க. தமிழ்லயே சொல்லித் தருவாங்க.

உலகத்தோட முதல் வெப் சர்வர், 1990-ல செர்ன் ஆராய்ச்சி மையத்துல டிம் பெர்னர்ஸ்-லீ வச்சிருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர். ‘இது சர்வர், அணைச்சுடாதீங்க’னு அதுலயே இங்கிலீஷ்ல கையால எழுதி ஒட்டியிருந்தாங்க. அதே சீட்டை உங்க பிளக் பாயின்ட் மேலயும் ஒட்டுங்க. இல்லேன்னா மிக்ஸி போடுறதுக்காக யாராவது கழட்டிடுவாங்க!

லேப்டாப்பைத் தூசி தட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க: ‘எது தொலைஞ்சா உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?’ அந்தப் பதில்தான் உங்க சர்வரோட முதல் வேலை.