இரும்பு பிறப்பதற்கு முன்

காரைக்குடிக்காரர்களுக்கு இரும்பு பழகிய பொருள். வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி, 1953இல் திறக்கப்பட்டது நம் ‘சிக்ரி’ ஆய்வு நிலையம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று தலைமுறைகளாக அங்கே ஆராய்கிறார்கள். கடலோர ஊரான மண்டபத்தின் உப்புக் காற்றிலும் அதற்கென ஒரு சோதனைக் களம் வைத்திருக்கிறார்கள்.

அந்த இரும்பு முதன்முதலில் எங்கிருந்து வந்தது? பதில் வானத்தில் இருக்கிறது.

அண்டம் பிறந்தபோது ஹைட்ரஜனும் ஹீலியமும் துளி லித்தியமும்தான் இருந்தன. கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் பின்னால் நட்சத்திரங்களில் உருவாகி, அவை வெடித்தபோது வெளியே சிதறியவை. அந்தச் சிதறல் கலந்த வாயுவிலிருந்து பிறக்கும் அடுத்த தலைமுறையில் இரும்பு சற்றுக் கூடும். ஆகவே, இரும்பு மிகக் குறைவாக உள்ள நட்சத்திரம் பெரும்பாலும் மிகப் பழையது.

தொட முடியாத நட்சத்திரத்தில் இரும்பை எப்படி அளப்பது? அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் இடையிடையே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். வெப்பநிலைக்கு ஏற்பவும் கோடுகள் மாறும் என்பதால் கணக்கு சிக்கலானது. அதை அவிழ்க்க வழி தந்தது நம் நாட்டு அறிவியலாளர் மேகநாத் சாகா 1920இல் கண்ட சமன்பாடு.

துலாம் ராசியில், சுமார் 200 ஒளியாண்டு தொலைவில் எச்.டி. 140283 என்றொரு நட்சத்திரம் உண்டு. அதில் உலோகம் குறைவு என்று 1951இல் வானியலாளர்கள் சேம்பர்லேனும் ஆலரும் கண்டார்கள். சூரியனின் இரும்பில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்குதான் அதில் இருக்கிறது. 2014இல் ஆஸ்திரேலியர்கள் அறிவித்த ஒரு நட்சத்திரத்திலோ ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

இரும்பு அரிதான இந்த நட்சத்திரங்கள் பலவற்றில் கார்பன் மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. முதல் தலைமுறை நட்சத்திரங்கள் வெடித்தபோது நடுவிலிருந்த இரும்பு உள்ளேயே விழுந்துவிட, வெளி அடுக்கின் கார்பன் மட்டும் தப்பியிருக்கலாம். சிலவற்றுக்கு அருகிலுள்ள துணை நட்சத்திரம் கார்பனைக் கொடுத்திருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சிவராணி, அருணா கோஸ்வாமி போன்றோர் இத்தகைய நட்சத்திரங்களை ஆராய்கிறார்கள். அதே நிறுவனத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986 முதல் இருக்கிறது.

சித்திரை, வைகாசி மாத முன்னிரவில் கிழக்கே செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சூரியனின் இரும்பில் மூன்றில் ஒரு பங்களவே கொண்ட நட்சத்திரம் அது, வெறுங்கண்ணுக்கே தெரியும்.

நம் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களைக் காவலூருக்கு அழைத்துப் போகட்டும். பேருந்துச் செலவை ஊர்ப் பெரியவர்கள் ஏற்க வேண்டும். படிப்புக்குக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.