முன்மாதிரியில் தமிழ் எங்கே?

சிங்கப்பூரில் இன்று கைப்பேசிச் செயலியோ இணையத்தளமோ உருவாக்க முனைவோர் முதற்கண் முன்மாதிரி ஒன்றைச் செய்துகொள்கின்றனர். பொருள் முழுமை பெறுமுன்னரே திரைகளை வரைந்து, பயனர் சிலரிடம் காட்டி, குறை கண்டு திருத்துவதே அதன் நோக்கம். இஃது அறிவார்ந்த முறை என்பதில் ஐயமில்லை. பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவியை 1990களில் உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதன் அளவில் மரத்துண்டொன்றைச் செய்து சட்டைப்பையில் இட்டுத் திரிந்தார். கருவி பிறக்குமுன்னரே அதன் அளவும் பயனும் அவருக்குப் புலப்பட்டன. விரைவாகவும் மலிவாகவும் செய்து, குறை கண்டால் தயங்காது கிழித்தெறிவதே சிக்கனமான முன்மாதிரிக்கு இலக்கணம்.

ஆயின் அம்முன்மாதிரி எம்மொழியில் வரையப்படுகிறது? பெரும்பாலும் ஆங்கிலத்தில். பெட்டிகளின் அகலமும் வரிகளின் இடைவெளியும் வாக்கியங்களின் அமைப்பும் ஆங்கிலத்தை அளந்தே முடிவாகின்றன. எல்லாம் முடிந்தபின், அட்டவணையில் அடுக்கிய உதிரிச் சொற்களாக மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு அனுப்பப்படுகிறது தமிழ். நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று கடைசி வாரத்து வேலையாகிறது. இதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுவதுதான் வேடிக்கை!

தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைப்போர் இப்பிழையைச் செய்வதில்லை. அணியப் போகிறவரின் அளவு ரவிக்கையைக் கேட்டு வாங்கிய பின்னரே துணியில் கத்தரி வைப்பர். பிறர் அளவில் தைத்துவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்பாரிடம் இரண்டாம் முறை எவர் செல்வர்?

ஆங்கில அளவில் தைத்த திரையில் தமிழ் படும் பாட்டைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். மேல்விலங்கும் கீழ்விலங்கும் வரியிடைவெளி போதாமல் வெட்டுண்கின்றன. ஐந்தாறு எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கென வரைந்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்பது அடங்காமல் பாதியில் நிற்கிறது. முதியவர் தொடும் பொத்தானில் ‘தேடு’ என்று ஏவுவதா, ‘தேடுக’ என்று வியங்கோளில் வேண்டுவதா என்னும் கேள்வி எவர் நெஞ்சிலும் எழுவதில்லை. இவற்றினும் பெரிது வேற்றுமை உருபு. பெயருக்கென ஓர் இடத்தை வெற்றாக விட்டு, அதன்பின் ‘க்கு’ என்று ஒட்டிவிடுகின்றனர். ‘மாலதிக்கு’ என்பது பொருந்துகிறது. ‘செல்வம்’ வந்தாலோ, அத்துச் சாரியை அறியாத இயந்திரம் ‘செல்வம்க்கு’ என்று எழுதிக் காட்டுகிறது. செயலி முழுவதும் கட்டி முடித்தபின் இதனைத் திருத்துவதென்றால் வாக்கியங்கள் அனைத்தையும் பிரித்துக் கட்டவேண்டும். முதல் நாள் ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் செலவு ஒரு தாளோடு போயிருக்கும்.

2017இல் தேசிய தின அணிவகுப்புத் துண்டறிக்கையில் தமிழ் வாசகம் எழுத்துச் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கோர நேர்ந்தது. ‘கொ’வின் கொம்பும் காலும் ‘க’வுக்கு இருபுறமும் நிற்பவை, கணினி அவற்றை ‘க’வுக்குப் பின்னரே சேமித்து வைக்கிறது. தமிழெழுத்தைச் சேர்க்கத் தெரியாத வரைகலை மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் மாதிரியை ஒருமுறை நோக்கினாலே கண்டுகொள்ளத்தக்க பிழை அது.

தமிழை முதலில் வைத்துச் சோதிக்கும் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று. எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமாகிய நா. கோவிந்தசாமி, தமிழுக்கெனக் கணியன் என்னும் முறையை உருவாக்கினார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயுடன் அவர் உழைத்ததன் பயனாக, 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் ஏனைய மூன்று மொழிகளோடு தமிழும் ஏறியது. 1997 மே மாதத்தில் உலகத் தமிழ்க் கணிஞர் இங்குக் கூடினர். கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். தமிழாசிரியர் ஒருவர் பொறியாளருடன் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் அமர்ந்த அந்த முறை பிற்பாடு ஏன் வழக்கமாகவில்லை?

சோதனைக்கு ஐந்து பேர் போதும், குறைகளுள் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதை வடிவமைப்பாளர் மந்திரம்போல் ஓதுகின்றனர். ஓதட்டும். அந்த ஐவருள் ஒருவரேனும் தமிழில் படிப்பவரா? தமிழர் தொகை சிறிது எனக் கூறுவாரும் உளர். 2020 குடிமதிப்பின்படி, வீட்டில் பெரிதும் தமிழ் பேசும் குடியிருப்பாளர் 2.5 விழுக்காட்டினரே, உண்மை. ஆனால் ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலையை நிறைக்கும் தமிழகத் தொழிலாளர் அக்கணக்கில் சேர்ந்தவரல்லர். மேலும், ஆங்கிலம் அறிந்தவர் தமிழ்த் திரை பழுதானால் ஆங்கிலத் திரைக்குத் தாவிவிடுவார். தாவ இயலாத முதிய தாய்க்கும் தொழிலாளிக்குமே தமிழ்த் திரை வேண்டும். பழுதாகி நிற்பதும் அவர்களுக்கே.

பழி முழுவதும் வடிவமைப்பாளரைச் சாராது. பிழை வெளிவந்தபின் நாளிதழுக்குக் கடிதம் எழுதத் தமிழுலகில் ஆளுண்டு. பிழைக்கு முன்னரே மாதிரியைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆளில்லை. கட்டுரையும் கடிதமும் எழுதப் பயிற்றும் தமிழ் வகுப்பில், ஒரு செயலியின் நான்கு திரைகளைத் தாளில் வரைந்து தமிழில் நிரப்பச் சொல்வதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. ‘செல்வம்க்கு’ என்பதை உயர்நிலை ஒன்றில் பயிலும் மாணவரே வட்டமிட்டுக் காட்டிவிடுவார்.