வயிற்றுக்கு ஒரு படம், வாய்மைக்கு ஒரு படமா?

திருமண வீட்டில் மாப்பிள்ளையைப் படமெடுப்பவன் பிழைப்புக்காரன். பஞ்சத்தையும் போரையும் படமெடுப்பவனே சான்றாளன். ஒருவனே இவ்விரண்டையும் செய்யலாகாது என்று வாதிடும் அறிவாளர் சிலர் உளர். விளம்பரத்திற்கும் செல்வர் வீட்டு விழாவிற்கும் காமிரா தூக்கிய கையில் உண்மை தங்காதாம்! கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால், அந்தச் சான்றாளன் வீட்டு அடுப்பு எதைக்கொண்டு எரியும் என்பதை மட்டும் இவர்கள் சொல்வதில்லை.

டோரதியா லாங்கேயின் வரலாற்றை இவர்கள் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். 1919-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டூடியோ அமைத்து, செல்வக் குடும்பத்தாரை உருவப்படமெடுத்து வாழ்ந்தவர் அவர். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய காலத்தில், அதே ஸ்டூடியோவின் சன்னல் வழியே வேலையற்றோர் அலைவதைக் கண்டு, காமிராவுடன் தெருவில் இறங்கினார். இலவச உணவுக்காகக் கூடி நின்றோர் நடுவே, தகரக் குவளையுடன், கூட்டத்திற்கு முதுகு காட்டி நின்ற ஒரு முதியவரை 1933-இல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எடுக்கச் சொன்னவர் எவருமிலர். விலை பேசியவரும் இலர். அந்நாளில் அவரைத் தாங்கியது செல்வர்கள் கொடுத்த உருவப்படக் கூலியே. இதில் இழிவு எங்கே இருக்கிறது?

ஸ்டூடியோக் காசு வேண்டாம், அரசு ஊதியம் தரட்டும் என்பர். தந்ததே! 1935 முதல் லாங்கே அரசுப் பணியில் அமர்ந்தார். 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து பசியில் வாடிய கூலிகளின் முகாமில் ஒரு தாயையும் அவள் மக்களையும் படமெடுத்தார். செய்தி நாளிதழில் வெளிவரவே, அம்முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. மிக நன்று. 1942-இல் அதே அரசு, ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைப்பதைப் படமெடுக்கவும் அவரையே அமர்த்தியது. அவர் கண்டதைக் கண்டபடி எடுத்தார். இராணுவமோ அப்படங்களைப் போர்க்காலத்தில் முடக்கி வைத்தது. எந்த ஸ்டூடியோ வாடிக்கையாளருக்கு இத்தகைய அதிகாரம் இருந்தது?

இன்னும் சிலர் பட்டினியையே பெருமையாகப் பாடுவர். யூஜின் ஸ்மித்தை எடுத்துக்காட்டுவர். ‘லைஃப்’ இதழாரோடு பிணங்கி விலகிய அவர், 1955-இல் பிட்ஸ்பர்க் நகருக்குச் சில வாரப் பணியாகச் சென்று, ஆண்டுக்கணக்கில் அதிலேயே மூழ்கி வறுமையுற்றார். மாபெரும் கலைஞர், ஐயமில்லை. எனினும், மனைவி மக்களுக்குச் சோறிடுவதும் கடமையே என்று நம்புகிற நாம், அதைப் பிறர்க்குரிய முன்மாதிரி என்று எங்ஙனம் கூறுவோம்? பாரிசின் உடையலங்காரத்தையும் ஹார்லெம் மக்களின் வறுமையையும் அதே ‘லைஃப்’ இதழுக்காக எடுத்த கார்டன் பார்க்ஸ் இவர்கள் கண்ணில் ஏன் படவில்லை?

அஞ்ச வேண்டிய இடம் வேறு. காசு கறைபடுத்துவதைக் காட்டிலும் கைப்பழக்கம் கறைபடுத்தும். ஸ்டூடியோவில் முகத்துத் தழும்பை மறைப்பது வந்தவருக்குச் செய்யும் பணிவிடை. சாட்சியாக நிற்கும் படத்தில் அதுவே பொய்யாகிவிடும். நிப்போமோத் தாயின் படத்தில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு பெருவிரல் வலக்கீழ் ஓரத்தில் விழுந்திருந்தது. அழகுக்குக் குறையென்று கருதிய லாங்கே, 1939-இல் நெகடிவில் அதை அழிக்கச் செய்தார். அவருடைய மேலதிகாரி ராய் ஸ்டிரைக்கர் அதை ஏற்கவில்லை. உற்று நோக்கினால் அவ்விரலின் மங்கிய சுவடு இன்றும் தெரிகிறது.