ஸ்டெபிலைசர் பார் மாற்றப்போகும் தம்பிமாருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. காரில் விருப்பமில்லாதவர்கள் கடந்து போகலாம். வீட்டில் கார்ப் பைத்தியம் பிடித்த மகன் ஒருவர் இருந்தால் மட்டும் தயவுசெய்து வாசித்துவிட்டுப் போங்கள்.

நம்மிடம் படித்த தம்பி ஒருவர், கட்டாரில் சில வருடம் உழைத்துவிட்டு வந்து, பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கியிருக்கிறார். 1989இல் அறிமுகமான முதல் தலைமுறைக் கார். இரண்டு சீட், துணிக்கூரை, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த நிறை, பின் சில்லுகளில் இழுவை. போன கிழமை வீட்டுக்கு வந்து கேட்டார்: "சேர், வளைவுல கார் நல்லா சரியுது. முன்னுக்கும் பின்னுக்கும் மொத்தமான பார் போட்டா ரோட்டுல ஒட்டின மாதிரிப் போகும்டு கூட்டாளிமார் சொல்றாங்க. ரெண்டு பாரும் வந்திட்டு. பூட்டட்டா?"

காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் நம்மிடம் ஆலோசனை கேட்பார்கள். பரவாயில்லை, பூட்டுவதற்கு முன்பாவது கேட்டாரே.

ஸ்டெபிலைசர் பார் என்பது இடது சில்லையும் வலது சில்லையும் குறுக்காக இணைக்கும் உருக்குக் கம்பி. இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். கார் ஒரு பக்கம் சரிந்தால் முறுகும், முறுகி அந்தச் சரிவை எதிர்க்கும். பிளாஸ்டிக் அடிமட்டத்தை இரு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அதே கதைதான்.

நம் பொடியன்மார் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். சரிவு குறைந்தால் பிடிப்புக் கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். வளைவில் உள் சில்லுகளிலிருந்து வெளிச் சில்லுகளுக்கு மாறும் சுமை, காரின் நிறை, வேகம், வளைவின் இறுக்கம், புவியீர்ப்பு மையத்தின் உயரம், சில்லுகளுக்கு இடையிலான அகலம் ஆகியவற்றில் தங்கியிருக்கிறது. எந்தப் பாரைப் பூட்டினாலும் அந்த மொத்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதில் முன் சில்லுகளுக்கு எவ்வளவு, பின் சில்லுகளுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் பாரின் வேலை.

டயருக்கு ஒரு குணம் உண்டு. சுமையை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். பாடசாலையில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு வாளி தண்ணீர் கொண்டு வருவார்கள். ஒருவனிடமே இரண்டையும் கொடுத்து மற்றவனை வெறுங்கையோடு நடக்கவிட்டால் வழியெல்லாம் தண்ணீர் சிந்தும். எந்தப் பக்கம் பாரைக் கடினமாக்குகிறோமோ அந்தப் பக்கத்தின் வெளிச் சில்லு இரண்டு வாளியும் சுமக்கிறது. ஆகவே அந்தப் பக்கம்தான் முதலில் வழுக்கும்.

முன்பக்கம் முதலில் வழுக்கினால், ஸ்டியரிங் திருப்பியும் கார் வெளியே தள்ளிக்கொண்டு போகும். எக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பின்பக்கம் முதலில் வழுக்கினால் வால் முந்திக்கொள்ளும். அப்போது பயத்தில் காலை எடுத்தால் இன்னும் மோசம். ரேஸ் ஓடுபவர் அதைப் பிடித்துவிடுவார். பக்கத்தில் உம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் நம் தம்பி பிடிப்பாரா?

இது கதையல்ல. அமெரிக்காவில் 1960 மொடலாக வந்த ஷெவர்லே கோர்வெயாருக்கு எஞ்சின் பின்னால். முன் ஸ்டெபிலைசர் பார் சாதாரணமாக அதில் வரவில்லை. வால் சுழற்றும் கார் என்று பெயர் வாங்கியது. 1964 மொடலில்தான் முன் பாரை நிரந்தரமாகச் சேர்த்து, பின் சஸ்பென்ஷனையும் திருத்தினார்கள். அடுத்த வருடம் ரல்ஃப் நாடர் அந்தக் காரைப் பற்றியும் எழுதிய புத்தகம் பெரும் புயலைக் கிளப்பியது.

இனி நம் பாதைக்கு வருவோம். கிழக்கிலிருந்து கண்டிக்குப் போகும் நமக்கு மகியங்கனை தாண்டியதும் 18 வளைவு. மழை பெய்தால் அங்கே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடினமான பார் இடது சில்லு விழுந்த குழியின் அடியை வலது சில்லுக்கும் கொண்டுபோகும். ஊருக்குள் உள்ள பாதைகளில் கார் பக்கவாட்டில் தலையாட்டிக்கொண்டே போகும். ஏறும் வளைவில் உள் பின் சில்லு இலேசாகிவிடும். சாதாரண டிஃபரன்ஷல் உள்ள காரில் அந்தச் சில்லு சும்மா சுழல, இழுவை போய்விடும்.

இதைவிட நமக்குப் பயம், கார் சரியாமல் போவதே. சரிவு என்பது ஓட்டுபவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அது இல்லாதபோது 60இல் போகவேண்டிய இடத்தில் 75இல் போவோம், ஒன்றும் தெரியாது. தெரியும்போது வளைவு முடிந்திருக்காது.

அதற்காகப் பாரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதிகமாகச் சரிந்தால் வெளி டயர் ஓரத்தில் நின்று உருளும், அதுவும் நல்லதல்ல. அளவான பார் ஸ்டியரிங்கிற்கு உடனே பதில் சொல்ல வைக்கும். ஆனால் "மூன்று மில்லிமீற்றர்தானே கூட" என்று எடுத்துவிடக் கூடாது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. 22 மில்லிமீற்றரை 25 ஆக்கினால் விறைப்பு சுமார் 67 சதவீதம் ஏறும். ஓ.எல் கணக்குத் தெரிந்த எந்தப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். நுனியில் இரண்டு மூன்று துளை உள்ள பார் என்றால், வெளித் துளையில் மெது, உள் துளையில் விறைப்பு.

அந்தத் தம்பியின் காருக்குக் கீழே படுத்துப் பார்த்தோம். ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டும் கையால் ஆட்டினாலே ஆடுகின்றன, புஷ் வெடித்திருக்கிறது, பின் ஷொக்கில் எண்ணெய் கசிவு. டயரில் பூ நிறைய இருக்கிறது, ஆனால் றப்பர் கல் மாதிரி இறுகிவிட்டது. இதுகளை அப்படியே வைத்துக்கொண்டு மொத்தமான பார் பூட்டுவது, காய்ச்சல்காரனுக்குப் புதுச் சட்டை போடுகிற வேலை.

மஸ்டாக்காரர்களே 2022 எம்எக்ஸ்-5இல் என்ன செய்தார்கள் தெரியுமா? வளைவில் உள் பின் சில்லுக்கு மட்டும் மிக இலேசாகப் பிரேக் கொடுத்து, உடல் எழும்புவதை அடக்கினார்கள். பாரைத் தடிப்பாக்குவது அவர்களுக்குத் தெரியாத வித்தையா?

தம்பி முதலில் டயர், ஷொக், புஷ், லிங்க், பிறகு எலைன்மெண்ட் பார்க்க ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் சரிவு பிடிக்காவிட்டால் முன் பாரை மட்டும், மெதுவான துளையில். பின்னுக்கு கம்பனிப் பாரே இருக்கும். வாங்கிய பின் பாரை விற்கப் பார்க்கிறார். கேட்டு வருபவரிடம் எந்தக் கார், எந்த டயர் என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம்.