பாட்டியின் பெயர் என்ன?

செனாய் வட்டாரத்தில் நம் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உன் தகப்பனார் பெயர் என்ன?" என்றால் சட்டென்று சொல்வார்கள். தாத்தாவின் பெயர் தகப்பனாரின் அடையாளக் கார்டிலேயே இருக்கிறது. "பாட்டியின் பெயர்?" என்றால் விழிப்பார்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நிரையில் மரம் சீவி நம்மை ஆளாக்கிய அந்தத் தாயின் பெயர் இரண்டே தலைமுறையில் மறைந்துவிடுகிறது!

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. லயத்து வாசலில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டு நாம் வளர்ந்தோம். செனாயில் 1974-ல் விமான நிலையம் வந்தது. தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் பெருகின. லயங்கள் போயின. பேச்சும் போயிற்று.

உட்கார வைத்துச் சரித்திரம் போதித்தால் பிள்ளை எழுந்து ஓடும். விளையாட்டாகக் கொடுத்தால் அதுவே தேடி வரும். ஆகவே நாம் ஒரு யோசனை சொல்கிறோம்.

பரமபதம் நமக்குப் பழகிய ஆட்டம். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போடுங்கள். முதற் கட்டம் மூதாதையரின் ஊர். அடுத்து நாகப்பட்டினம், ரஜூலா கப்பல், பினாங்கு, பிறகு அவர்கள் வேலை செய்த தோட்டங்கள். காய்க்குக் கித்தாக் கொட்டை. உருட்ட, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. செலவு ஒரு காசுமில்லை.

ஏணிக்கும் பாம்புக்கும் நம் சரித்திரத்தில் பஞ்சமா? 1910-ல் ஒப்பந்தக் கூலியாக ஆள் சேர்ப்பது நின்றது ஓர் ஏணி. 1954-ல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது மற்றோர் ஏணி. 1942-43-ல் நம்மவரை விழுங்கிய சயாம் ரயில் பாதை பெரும் பாம்பு. 1969-ல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் என்றபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் திரும்பினார்களே, அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தனவே, அதுவும் பாம்புதான்.

ஆட்டத்துக்கு ஒரே விதி: காய் நின்ற கட்டத்தைப் பற்றி வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் கொண்டுவந்த பிறகே அடுத்த ஆட்டம். எந்த ஊர், எந்தத் தோட்டம், யாரோடு வந்தார்கள் என்று கேட்கட்டும். "என்ன சாதி?" என்ற கட்டம் மட்டும் வேண்டாம், அந்த மூட்டை நம்மோடு ஒழியட்டும். சயாமைப் பற்றிக் கேட்டதும் ஒரு பெரியவர் வாய் மூடிக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கொண்டுவரும் பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறப்புப் பத்திரமின்றி, சிவப்புக் கார்டோடு ஆபீஸ் ஆபீசாக அலைந்தவர்கள் நம்மிடையே உண்டு. எங்கே, எப்போது பிறந்தோம் என்று சொல்ல ஆளில்லாத துன்பம் அவர்களுக்குத் தெரியும்.

"கூலியாக வந்த கதை பிள்ளைக்கு எதற்கு?" என்பாரும் உளர். காட்டை அழித்துக் கித்தா நட்டு இந்நாட்டை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைக்கு அதில் வெட்கமென்ன? திருடிப் பிழைத்தோமா? உழைத்துப் பிழைத்தோம்!

கப்பலில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றில்லை. அவர்கள் மடியில் வளர்ந்த நாமாவது இருக்கிறோம். வரும் ஞாயிறன்றே கட்டம் போடுவோம். முதற் கேள்வி பாட்டியின் பெயராக இருக்கட்டும்.