பைபாஸ் முடிஞ்ச வீட்ல பிபி மெஷின் இருக்கா?

வீட்ல யாருக்காவது பைபாஸ் ஆகியிருந்தா இந்த த்ரெட்டைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

சமீபத்துல ஒரு பெரியவர். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போய் 12 நாள். ராத்திரி பிபி பார்த்தா 168/96. மகன் பயந்துபோய் நாக்குக்கு அடியில ஒரு சார்பிட்ரேட் வச்சு, கூடவே அம்லோடிபின் ஒண்ணு எக்ஸ்ட்ராவா கொடுத்துட்டார். அரை மணி நேரத்துல பாத்ரூம் போக எழுந்தவர் அப்படியே விழுந்துட்டார். தலையில நாலு தையல். நெஞ்செலும்பு இன்னும் கூடாத நேரம், அது தப்பிச்சதே பெருசு.

மகன் கேட்டார்: "ஐசியூல நீங்களும் இதே மாதிரி மருந்தைத்தானே சார் ஏத்தினீங்க?"

நியாயமான கேள்வி. ஆமா, ஏத்தினோம். ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில மணி நேரம் நிறைய பேருக்கு பிபி எகிறும். மயக்கம் தெளியற நேரம், வலி, குளிர் நடுக்கம், தொண்டையில குழாய், உடம்பு கொட்டுற அட்ரினலின் எல்லாம் சேர்ந்து ரத்தக்குழாய்களை இறுக்கிடும். புதுசா தைச்ச இடம் அந்த அழுத்தத்தைத் தாங்காம கசியலாம். அதனால நைட்ரோகிளிசரின், சில சமயம் நைட்ரோபுருசைடுன்னு ரத்தக்குழாயை விரிக்கிற மருந்துகளை பம்பு வச்சு கொடுப்போம்.

ஆனா அங்க மணிக்கட்டு தமனியில ஒரு குழாய் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிபி திரையில ஓடும். ரொம்ப இறங்கினா பம்பை நிறுத்துவோம், சில நிமிஷத்துல மருந்தோட வேகம் அடங்கிடும். முழுங்கின அம்லோடிபின் அப்படி இல்ல. அந்த நேரத்துக்கு உதவாது, முழு வேகம் வரவே ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். வந்தா மறுநாளும் போகாது.

நம்பரைப் பார்த்து மாத்திரை கொடுக்கிறது தப்புன்னுதான் சொல்வேன். ஆனா பாதி தப்பு எங்க பக்கம். டிஸ்சார்ஜ் அன்னிக்கு பத்து மாத்திரை எழுதறோம், பிபி ஏறினா என்ன பண்ணணும்னு ஒரு வரி எழுதறதில்ல.

அன்னிக்கு அவரை அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உட்கார வச்சு மறுபடி பார்த்திருக்கலாம். வலிக்குதா, யூரின் முட்டுதா, மாத்திரை ஏதும் விட்டுப்போச்சான்னு கேட்டிருக்கலாம். விசாரிச்சா, நெஞ்சுத் தையல்ல நல்ல வலி. எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலை ரெண்டு நாளா போடவே இல்ல! (அதுக்காக டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீங்க. பைபாஸ் ஆனவங்களுக்கு ஆகாது, பிபியையும் ஏத்தும்.)

நெஞ்சுவலிக்குன்னு டாக்டரே சார்பிட்ரேட் எழுதியிருந்தா அது வேற. உட்கார்ந்துட்டு வைங்க. சில்டெனாஃபில் மாதிரி ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்திருந்தா வைக்கவே கூடாது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி இருந்தா பிபி எவ்வளவுன்னு பார்த்துட்டு இருக்காம 108 கூப்பிடுங்க. எந்தத் தொந்தரவும் இல்லாம 180/120க்கு மேலயே நின்னாலும் உங்க டாக்டருக்கு அப்பவே போன் பண்ணுங்க.

அடுத்த செக்கப்புக்கு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துட்டுப் போய், எவ்வளவு ஏறினா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு அதுலயே எழுதி வாங்கிடுங்க.